மனிதக் கை படாத காடு

மரத்தை மரம் என்று சொல்வதற்கு ஒரு அலுவலகம் இருக்கிறது என்பது நாற்பத்தொரு வயது வரை நாற்றுக்காரிக்குத் தெரியாது. தெரிய வந்தபோது சந்தோஷப்பட்டாள். அவள் சுபாவம் அப்படி.

அதற்கு முன்னால் அவளும் நெட்டையும் ஒரு டைல்ஸ் கடையில் பதிமூன்று வருஷம் நின்றார்கள். நின்றார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடையில் வாடிக்கையாளருக்கு மட்டும்தான் நாற்காலி. நெட்டை உண்மையில் குள்ளம். மேல்தட்டுச் சாம்பிளை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுவாள் என்பதால் முதலாளி கிண்டலுக்கு வைத்த பேர் அது. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் குளிர்ச்சியான தரை கேட்டார்கள். ஒரு மத்தியானம் ஷட்டர் ஓரமாக நின்றபடி நெட்டை சொன்னாள்:

"எல்லாரும் மரம் நடணும், மரம் நடணும்கறாங்க. என்ன மரம், எப்படி நடணும்னு ஒருத்தருக்கும் தெரியல. நட்டுட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. மூணு மாசத்துல செத்துப்போகுது. நாம ஒழுங்கா நட்டு, வளத்தும் குடுத்தா என்ன?"

"நமக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான். டைல்ஸ் பத்தித் தெரிஞ்சுக்கிட்டா இங்க வேலைக்கு வந்தோம்?"

இருவரும் ஒரே நாளில், ஒரே பேனாவால் ராஜினாமாக் கடிதம் எழுதினார்கள். யோசனை நெட்டையுடையது, கை நாற்றுக்காரியுடையது என்று பேச்சு. ஆனால் வேலை ஆரம்பித்த பிறகு இருவர் கையிலும் ஒரே மாதிரிதான் கொப்புளம் வந்தது. நாற்றுக்காரியின் புருஷன் தன் வெல்டிங் பட்டறையில் ஒரு பலகை செய்து கொடுத்தார். 'இந்த மண்ணின் மரங்கள். நட்டு, வளர்த்துத் தரப்படும்' என்று அதில் இருந்தது. புகை விடுகிற தொழிற்சாலைகளும் பெரிய மைதானம் வைத்திருக்கிற பள்ளிக்கூடங்களும் கூப்பிடும் என்று எதிர்பார்த்தார்கள். கூப்பிட்டார்கள். கூப்பிட்டு, "இதுவரைக்கும் எங்க வளத்திருக்கீங்க, காட்டுங்க" என்றார்கள்.

காட்டுவதற்காக, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் சரிவை அதன் சொந்தக்காரரிடமிருந்து பதினைந்து வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். புல்லே முளைக்க யோசிக்கும் இடம். முதல் வருஷம் நட்ட தொள்ளாயிரம் கன்றில் இருநூறு தங்கியது. இரண்டாம் வருஷம் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து, சருகு நிரப்பி, வெயில் படுகிற பக்கம் கல் அடுக்கி நட்டார்கள். ஒரே மரத்தை ஒரே இடத்தில் நடாமல் புன்னை, நாவல், அத்தி, பூவரசு, மருது என்று கலந்து, ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்கும்படி நெருக்கி நட்டார்கள். தண்ணீர் வண்டி இழுக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டார்கள். நெட்டைக்கு அழகான கையெழுத்து. எந்த மேட்டில், எந்தக் குழியில், எந்தத் தேதியில், என்ன கன்று, பிழைத்ததா, பட்டுப்போனதா என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தாள். ஏழு வருஷத்தில் பதினோரு நோட்டு நிரம்பியது. மரம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு ஆனது. எட்டாம் வருஷத் தொடக்கத்தில் சரிவின் நடுவே நின்றால் ரோடு தெரியவில்லை. மேல்சட்டை இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்த தண்ணீர் வண்டிக்காரர் ஒரு நாள் குளிருகிறது என்று சட்டையைப் போட்டுக்கொண்டார். இருவரும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை மேனேஜர் வந்து சரிவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்லாயிருக்கு. நம்ம தொழிற்சாலைக்கும் இதே மாதிரி பண்ணிடலாம். ஆணையத்துச் சான்று மட்டும் குடுத்துடுங்க."

"என்ன சான்று?"

"இதெல்லாம் மரம்தான், நீங்கதான் நட்டீங்கன்னு."

*

காலநிலைசார் பூர்விக மரங்கள் அங்கீகார மற்றும் ஒருங்கிணைப்பு ஆணையம் மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. கட்டடம் கட்டும்போது அங்கே நின்ற மூன்று பெரிய மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. அவற்றின் நினைவாக மாடிகளுக்கு முறையே புன்னை, நாவல், மருது என்று பேர் வைத்திருந்தார்கள். 'இம்மரங்களின் தியாகத்தை ஆணையம் நன்றியுடன் நினைவுகூர்கிறது' என்று வாசலில் கல்வெட்டு இருந்தது.

நாற்றுக்காரி ஒரு நாவல் கன்றைப் பையில் எடுத்துப் போயிருந்தாள். வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள்.

"செடி உள்ள போகக்கூடாது."

"மரத்தைப் பத்திப் பேசத்தானே வந்திருக்கேன்."

"பேசலாம். கொண்டு போகக்கூடாது. பூர்விக மரம்னா நாவலுக்குப் போங்க."

நாவலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு நாவலுக்குப் போனாள்.

அங்கே இருந்த எழுத்தர் மரியாதையானவர். அவளை உட்காரச் சொல்லி, ஒரு பட்டியலைத் திருப்பிக் காட்டினார். நாற்பது மரங்கள், நாற்பது எண்கள், ஒவ்வொன்றும் வருஷத்துக்கு எவ்வளவு கரிக்காற்றை இழுக்கும் என்ற கணக்கு. எல்லாமே பனி பெய்கிற நாட்டு மரங்கள்.

"எங்க மரம் எதுவும் இதுல இல்லையே, சார்."

"பட்டியல் கம்ப்யூட்டரோட சேந்து வந்தது. இல்லாததுக்கெல்லாம் கடைசியில 'இதர'ன்னு இருக்கு பாருங்க. அதுல போடுங்க."

"இதரன்னு போட்டா எவ்வளவு இழுக்கும்?"

எழுத்தர் விரலை வைத்துப் பார்த்தார். "பூஜ்யம்."

"மரம்னா இழுக்காதா, சார்?"

"மரம் இழுக்கும்மா. இதர இழுக்காது."

அவர் அனுதாபத்தோடு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பூர்விகத்தை நிரூபிக்கத் தாய்மரத்தின் ஆதாரம் வேண்டும் என்றார். தாய்மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"இங்கதான் இருந்துச்சு. இந்த ஆபீஸ் கட்ட வெட்டினீங்கல்ல, அந்த நாவல். வெட்டின அன்னைக்கு நானும் நெட்டையும் வந்து கீழ கிடந்த பழத்தையெல்லாம் பொறுக்கிட்டுப் போனோம்."

"அப்ப தாய்மரம் உயிரோட இல்ல."

"இல்ல."

"அதுக்குச் சான்று?"

"வாசல்ல கல்லு வெச்சிருக்கீங்களே."

"அது அஞ்சலிம்மா. சான்று இல்ல."

மூன்று மாதம் கழித்து ஒரு அளவை அதிகாரி சரிவுக்கு வந்தார். கையில் ஒரு கருவி வைத்திருந்தார். அது இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கும். எல்லாத் தூரமும் ஒன்றாக இருந்தால் 'பீப்' என்று சொல்லும். சரிவு முழுக்க ஏறி இறங்கினார். கருவி ஒரு தடவையும் வாய் திறக்கவில்லை. அவருக்கே வருத்தமாகிவிட்டது.

"வரிசையே இல்லையேம்மா."

"காட்டுல வரிசை இருக்காது, சார். கலந்து நட்டாத்தான் ஒண்ணுக்கு ஒண்ணு துணையா வளரும்."

"உங்களுக்குப் புரியுது, எனக்கும் புரியுது. கருவிக்குப் புரியணுமே."

அறிக்கையில் 'புதர்' என்று எழுதினார். ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்து, அதன் தண்டில் காகிதத்தை வைத்துத்தான் எழுதினார்.

*

இரண்டு வருஷம் இப்படிப் போனது. விண்ணப்பம் திரும்பும், திருத்தி அனுப்புவார்கள், திருத்தியதற்கு விளக்கம் கேட்டு வரும். தொழிற்சாலைகள் கூப்பிடுவது நின்றுபோனது. நெட்டைக்கு டைல்ஸ் கடையில் நின்ற காலத்திலேயே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டிருந்தது. இப்போது சரிவில் ஏறி வந்தால் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, ஆணையத்தில் களப் பிரதிநிதி வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாள். மரம் நட்ட அனுபவம் விரும்பத்தக்கது என்று போட்டிருந்தார்களாம்.

"போகப்போறியா?"

"உள்ள ஒரு ஆளு வேணும்டி. வெளிய நின்னு கத்தினா அவங்களுக்குக் கேக்காது. நான் போய் முதல் வேலையா நம்ம ஃபைலைத்தான் எடுப்பேன்."

"நீ இல்லாம நான் எப்படி?"

"நான் எங்க போறேன்? பஸ்ல நாலு ஸ்டாப்."

நாற்றுக்காரி அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். நெட்டை பதினோரு நோட்டையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் அவங்களுக்கு? ஒவ்வொரு குழியும் இருக்கு" என்றாள். நாற்றுக்காரியும் அப்படித்தான் நினைத்தாள். பட்டறையில் இதைக் கேட்ட புருஷன் மட்டும், "ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாமே" என்றார்.

"நெட்டைகிட்டயா? என்ன பேசறீங்க?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

நாலாம் மாதம் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. 'அன்புடையீர்' என்று ஆரம்பித்தது. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. இது தொடர்பாக நேரில் வருவதைத் தவிர்க்கவும்.' கீழே நெட்டையின் அழகான கையெழுத்து.

நேரில் போனாள். டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நெட்டையின் அறை மூன்றாம் மாடியில், மருதில் இருந்தது. சுழலும் நாற்காலி. மேஜைக்குக் கீழே கால் நீட்டிக்கொள்ள ஒரு மரப்பலகை. நாற்றுக்காரிக்கு அதைப் பார்த்து முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

"கால் வலி பரவால்லியா?"

"கொஞ்சம் பரவால்ல. நீ ஏன்டி வந்தே? நான்தான் எழுதியிருந்தேனே."

"அன்புடையீர்னு எழுதியிருந்தே. யாருக்கோன்னு நெனச்சேன்."

நெட்டை சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினாள். "எனக்கு வேண்டியவங்க ஃபைல்னு தெரிஞ்சா என்னை இதுலேர்ந்து மாத்திடுவாங்க. அதனால தெரியாத மாதிரிதான் நடந்துக்கணும். கொஞ்ச நாள் பொறு."

"நோட்டெல்லாம் பாத்தாங்களா?"

"பாக்கறாங்க."

பொறுத்தாள். அதற்கு ஒரு வருஷம் ஆனது.

*

ஆணையத்துக்கு அந்த வருஷம் ஒரு நெருக்கடி. ஒன்பது வருஷமாக என்ன செய்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்டுவிட்டார்கள். பார்வையிட வெளியிலிருந்து ஒரு குழுவும் வருவதாக இருந்தது. ஆணையம் அதுவரை எழுநூறு விண்ணப்பங்களை நிராகரித்திருந்தது. அது பெரிய வேலைதான் என்றாலும் போட்டோ எடுக்க வராது.

ஒரு காலை சரிவுக்குப் போன நாற்றுக்காரி வாசலில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்தாள். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அளவை அதிகாரியின் கருவியை வைத்திருந்தால் சத்தம் போட்டிருக்கும். துணி போர்த்திய ஒரு பெரிய பலகை நின்றது. ஒருவேளை சான்றை விழா வைத்துக் கொடுக்கப்போகிறார்கள் போலிருக்கிறது, நெட்டை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்தாள். புருஷனுக்குப் போன் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உடனே வரச் சொன்னாள். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவர் கிரீஸ் போகக் கைகழுவி, கல்யாணத்துக்குப் போகிற சட்டையில் வந்து சேர்ந்தார். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஆணையத் தலைவர் பேசினார்.

"இந்த ஆணையம் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. இந்த ஒன்பது வருஷத்துல நாங்க ஒரு மரம்கூட நடல. இதைப் பெருமையாத்தான் சொல்றேன். நட்டா அது செயற்கை. நாங்க காத்திருந்தோம். எழுநூறு பேர் எங்ககிட்ட விண்ணப்பம் குடுத்தாங்க. ஒருத்தருக்கும் அனுமதி குடுக்கல. குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த எடமும் யாரோ நட்டதா ஆகியிருக்கும். எங்களோட கண்டிப்பாலதான் இயற்கைக்கு இங்க எடம் கெடைச்சது. மனுஷன் விலகி நின்னா மண்ணு தானே பாத்துக்கும். அந்த விலகி நிக்கற வேலையை நாங்க முழுநேரமாச் செஞ்சோம்."

கை தட்டினார்கள். குவாரிச் சொந்தக்காரருக்கு, ஒன்றும் செய்யாமல் நிலத்தைக் காத்ததற்காக, பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நாற்றுக்காரி இருந்த திசையைப் பார்க்காமல் கவனமாக நின்றார்.

பிறகு அறிக்கை வாசிக்க நெட்டை மேடையேறினாள். மைக் உயரமாக இருந்தது. யாரோ வந்து இறக்கி வைத்தார்கள். அவள் காலில் நாற்றுக்காரி வாங்கிக் கொடுத்த செருப்பு இல்லை, வேறு ஏதோ.

"இந்தப் பகுதியில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பூர்விக மரங்கள் கண்டறியப்பட்டுள்ளன" என்று வாசித்தாள். "மரங்கள் வரிசையின்றி, கலந்து, ஒன்றின் நிழலில் மற்றொன்றாக வளர்ந்திருப்பதே இவை இயற்கையாக உருவானவை என்பதற்குச் சான்று. பதினோரு நோட்டுப் புத்தகங்கள் பரிசீலிக்கப்பட்டன. அவை தனிநபர் குறிப்புகள் என்பதால் ஆதாரமாகக் கொள்ளப்படவில்லை. இப்பகுதியில் மனிதக் கை பட்டதற்கான அடையாளம் ஏதும் இல்லை என்று நேரில் கண்டு உறுதி செய்கிறேன்."

எண்ணிக்கை மட்டும் துல்லியமாக இருந்தது. யாரும் எண்ணவில்லை, பதினோராம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த எண் அது.

பலகையிலிருந்து துணியை விலக்கினார்கள். 'இயற்கை வனம். மனிதக் கை படாதது. உள்ளே நுழையத் தடை.'

நாற்றுக்காரி தன் கையைப் பார்த்தாள். இடது உள்ளங்கையில் மூன்றாம் வருஷம் மண்வெட்டி கிழித்த தழும்பு இருந்தது. அன்றைக்கு நெட்டைதான் தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிவிட்டாள். இப்போது எழுந்து கத்த வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒரு விருந்தில் இலை போட்ட பிறகு எழுப்பி விட்டது போல, வெட்கம்தான் முதலில் வந்தது. கோபம் வர நேரமானது. நகல் எடுத்திருக்கலாம் என்று பக்கத்திலிருந்த புருஷன் சொல்லிக்காட்டியிருந்தால்கூட அழுதிருக்க மாட்டாள். அவர் சொல்லாமல் இருந்ததால் அழுதாள்.

*

குத்தகை ரத்தானது. இயற்கை வனத்தைக் குத்தகைக்கு விட முடியாது என்று விதி. உள்ளே போக வேண்டுமானால் 'பார்வையாளர்' என்று விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்தில் பதில் வரும். விதை பொறுக்க அந்தச் சரிவைத்தான் நம்பியிருந்தாள் என்பதால் நாற்றங்காலில் தட்டுகள் காலியாகக் கிடந்தன. நெட்டைக்கு இருபது தடவையாவது போன் செய்திருப்பாள். மணி அடித்து அடித்து நின்றது.

மழை பிடித்த வாரத்தில் சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு பூவரசு சாய்ந்துவிட்டதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தாள். அந்த இடத்தை அப்படியே விட்டால் வெயில் இறங்கி, சுற்றி நிற்கிற சின்னக் கன்றுகள் கருகிவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒளிக்காமல் மறைக்காமல், மண்வெட்டியும் ஒரு கன்றுமாகப் போய், வேலியைத் தாண்டி, நட்டுவிட்டு வந்தாள். வாசலில் ஆணையத்துச் சீருடையில் நின்றது பழைய தண்ணீர் வண்டிக்காரர்தான். அவருக்கும் அங்கேதான் வேலை கிடைத்திருந்தது.

"அக்கா, நான் பாக்கல. அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். ஆனா கேமரா பாத்துடுச்சு."

ஒரு வாரத்தில் அழைப்பாணை வந்தது. குற்றம்: இயற்கை வனத்துக்குள் மனிதக் கையால் மரம் நட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் தண்ணீர் வண்டிக்காரர் வீடு தேடி வந்தார். கூச்சத்தோடு வாசலிலேயே நின்று சொன்னார்: "நெட்டையக்கா சொல்லி அனுப்பினாங்க. ஒண்ணே ஒண்ணுதான் நட்டேன், தெரியாம செஞ்சுட்டேன்னு சொன்னா எச்சரிக்கையோட விட்டுருவாங்களாம்."

"போன் எடுக்க மாட்டா. ஆள் மட்டும் அனுப்புவாளா?"

"எனக்கென்னக்கா தெரியும்? சொல்லச் சொன்னாங்க."

விசாரணை மருதில் நடந்தது. நீளமான மேஜையின் நடுவில் தலைவர், இருபுறமும் உறுப்பினர்கள். ஓரத்தில் வாக்குமூலம் பதிய நெட்டை. அவள் நிமிரவே இல்லை. பேப்பரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். புருஷனைப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார விட்டார்கள்.

தலைவர் அன்பாகவே ஆரம்பித்தார். "அந்த வனத்துக்குள்ள நீங்க கன்னு நட்டது உண்மையாம்மா?"

"உண்மை."

"ஒண்ணுதானே?"

பதில் சொல்ல லேசான கேள்வி. ஒரு தலையசைப்பு போதும், வீட்டுக்குப் போய்விடலாம். நாற்றுக்காரி நெட்டையைப் பார்த்தாள். நெட்டை பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 'ஒன்று' என்று எழுதத் தயாராக இருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் கசந்துவிட்டது.

"இல்ல, சார். நாலாயிரத்து முந்நூத்திப் பதினேழு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, குற்றத்தைக் கூட்டிச் சொல்றதும் குற்றம்தான்."

"கூட்டிச் சொல்லல. எந்த மேடு, எந்தக் குழின்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."

தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புதல் வாக்குமூலம் தரும்போது இடையில் நிறுத்தக்கூடாது என்று ஆணையமே எழுதிய விதி அதில் இருந்தது. பெருமூச்சோடு, "சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். முதல் மேடு, வேலியோரம், புன்னை. அதற்குப் பக்கத்தில் மருது. அதற்கு மேலே இரண்டு நாவல், ஒன்று ஆடு கடித்துப் பிழைத்தது. அவளிடம் நோட்டு இல்லை. பத்து வருஷம் தினமும் நடந்த சரிவு மனசுக்குள் அப்படியே இருந்தது. அதில் ஏறிக்கொண்டே போனாள். பதினொரு மணிக்கு டீ வந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட முடியாமல் தலைவர் தவித்தார். உறுப்பினர் ஒருவர் தூங்கி, விழித்து, "எந்த மேட்டுல இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். நெட்டை எழுதிக்கொண்டே இருந்தாள். வேகம் குறையவில்லை. சில இடத்தில் நாற்றுக்காரி சொல்லி முடிக்கும் முன்னே அவள் பேனா ஓடுவது போலிருந்தது.

"நாலாம் மேடு. பெரிய பாறைக்குக் கீழ, நாவல்."

"நாவல் இல்ல, அத்தி" என்றாள் நெட்டை, எழுதிக்கொண்டே. "நாவல் பட்டுப்போச்சு. அடுத்த மழைக்கு அத்தி வெச்சோம்."

தூங்கிய உறுப்பினர்கூட விழித்துக்கொண்டார். நெட்டையின் பேனா நின்றிருந்தது. அவள் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து நாற்றுக்காரியைப் பார்த்தாள். அதே பழைய பார்வை. ஷட்டர் ஓரத்தில் நின்று யோசனை சொன்னபோது பார்த்த பார்வை. இப்போது சொல்லிவிடுவாள் என்று நாற்றுக்காரி நம்பினாள். உடம்பே முன்னால் சாய்ந்தது.

"வெச்சோம்னா?" என்று கேட்டார் தலைவர்.

நெட்டை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெச்சாங்கன்னு சொல்ல வந்தேன், சார்."

"அதானே. தொடருங்க."

நாற்றுக்காரி தொடர்ந்தாள். குரல் மட்டும் மாறிவிட்டது. மிச்ச மேடுகளை, யாரோ வீட்டுச் சாமான் பட்டியலைப் படிப்பது போலச் சொல்லி முடித்தாள். மணி நாலரை ஆகியிருந்தது.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு மரங்களையும் குற்றவாளி தன் கையாலேயே நட்டது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஐந்து வருஷத்துக்கு அவர் வனத்தை நெருங்கக்கூடாது. அந்த வனம் மனிதக் கை படாதது என்ற சான்றும் அப்படியே இருந்தது. அது இருந்தது நாவலில்; தீர்ப்பு இருந்தது மருதில். ஒரு மாடிக் கோப்பு இன்னொரு மாடிக்கு இறங்கும் வழக்கம் ஆணையத்தில் இல்லை.

பிஸ்கட் தொழிற்சாலை மேனேஜருக்கு விஷயம் எப்படியோ தெரிந்து போன் செய்தார். "நீங்கதான் நட்டீங்கன்னு ஆணையத்து முத்திரையோட ஒரு பேப்பர் இருக்காமே. அது போதும்மா எனக்கு. தண்டனையா, பாராட்டான்னு எங்க ஆடிட்டர் பாக்க மாட்டார்."

நகல் வாங்க நாற்றுக்காரி தனியாகப் போனாள். மூன்றாம் மாடி ஜன்னலில் டோக்கன் பிரகாரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு உள்ளே நெட்டை. நகல் தடிமனாக இருந்தது. தைத்து, அரக்கு முத்திரை வைத்திருந்தது. நெட்டை அதைத் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

"பாறைக்குக் கீழ அத்தின்னே எழுதியிருக்கேன்" என்றாள் மெல்ல. "சரியா இருக்கணும்ல."

"பாத்தேன்."

"இனிமே உனக்கு வேலை வரும். இது இருந்தாப் போதும். எல்லாம் உன் பேர்லதான் இருக்கு, பாரு."

"குழியில ரெண்டு பேர் இறங்கினோம்."

நெட்டை ஜன்னலுக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்தாள். "மெதுவாப் பேசுடி. எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

நாற்றுக்காரி கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். நகலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு கணம் நின்றாள். நெட்டை ஏதாவது சொல்லக்கூடும் என்று அவளுக்கு அப்போதும் தோன்றியது.

நெட்டை அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்து" என்றாள்.